கரி பஸ், காட்டாமணக்கு, பேட்டரி வண்டி

எங்கள் புஞ்சையின் வடக்கு வரப்பில் இன்னும் பதினோரு காட்டாமணக்குச் செடிகள் நிற்கின்றன. பழக்கத்தில் செடி என்கிறேன். எல்லாம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து தண்டு முற்றிவிட்டது. ஆடு வாய் வைக்காது, மாடு திரும்பியும் பார்க்காது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், ஒரு மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். 2007இல் அப்பா மூன்று ஏக்கரில் நட்டதில் மிச்சம் இவ்வளவுதான்.

கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். கடலையும் துவரையும் போட்டுவந்த மானாவாரி நிலம் அது. அந்த வருஷங்களில் நாடு முழுக்கக் காட்டாமணக்குப் பேச்சுத்தான். 2003இல் திட்டக் குழு அதற்கென ஒரு பெருந்திட்டம் போட்டது. 2011-12க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இந்த விதையெண்ணெயிலிருந்து வந்துவிடும் என்றார்கள். அப்துல் கலாமும் மேடைக்கு மேடை இதைப் பேசினார். பக்கத்து ராமநாதபுரத்துக்காரர், வறண்ட நிலம் என்றால் என்னவென்று தெரிந்தவர், அவரே சொல்கிறார் என்று அப்பா நம்பினார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மூன்றாம் வருஷத்திலிருந்து காய்க்கும், முப்பது வருஷம் பலன் என்று நாற்றுக் கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். விதையை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாள் இன்னமும் அப்பாவின் தகரப் பெட்டியில் பத்திரங்களோடு இருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்க்கவும் இல்லை. மூன்றாம் வருஷம் மூன்று ஏக்கருக்கும் சேர்த்துக் கிடைத்தது நாலு சாக்கு. வாங்க ஒருவரும் வரவில்லை. செக்கில் ஆட்டினால் பிண்ணாக்காவது மிஞ்சும் என்று பார்த்தால் அந்தப் பிண்ணாக்கு விஷம், மாட்டுக்கு வைக்க முடியாது. தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் விதையைக் கடலை என்று தின்று வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த வருஷம்தான். அப்பா ஆள் வைத்து வேரோடு பிடுங்கினார். பிடுங்கிய கூலி விதை விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய பணத்தைவிட அதிகம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022இல் நான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கக் காரைக்குடி ஷோரூமுக்குப் போனபோது அப்பாவும் கூட வந்தார். விற்பனைப் பையன் வேகம், மைலேஜ், சார்ஜ் ஆகும் நேரம் எல்லாவற்றையும் நன்றாகவே விளக்கினான். கடைசியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, இந்த பேட்டரி எத்தன வருசம் வரும்?”

“எட்டு வருசம் தாராளமா வரும் ஐயா.”

“அதுக்கப்புறம்?”

“புதுசு மாத்திக்கலாம் ஐயா.”

“அது சரி தம்பி. பழச எங்க கொண்டுபோய்ப் போடுவீக?”

அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அது அவன் தப்பில்லை, யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்குத்தான் அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. மாற்று எரிபொருள் என்று எதைப் படித்தாலும் அப்பாவின் “அதுக்கப்புறம்?” கூடவே வருகிறது.

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அப்பத்தா கரி பஸ்ஸில் போனவர். இரண்டாம் உலகப் போர் நேரம், அவருக்குப் பதிமூன்று வயது இருக்கலாம். செட்டிநாட்டுக்காரர்கள் பாதிப்பேர் பிழைத்த பர்மா 1942இல் ஜப்பானியர் கையில் விழுந்தது. நமக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கணிசமாக வந்ததும் அங்கிருந்துதான். பின்வாங்கிய பிரிட்டிஷார் ஏப்ரலில் யெனங்யாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே தகர்த்துவிட்டுப் போனார்கள். இங்கே பெட்ரோல் ரேஷன் இன்னும் இறுகியது. பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு ஏறியது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் அந்த கேஸ் பிளான்டைத் தயாரித்தது.

“பீப்பா மாதிரி ஒண்ண பஸ்ஸு முதுகுல கட்டிருப்பாங்க. கிளீனர் பய அர மணி நேரம் அந்தச் சக்கரத்தச் சுத்துவான். உள்ள கங்கு புடிச்சு, பொக பதமாகி, அப்புறந்தான் வண்டி உறுமும். தேவகோட்டை போய் எறங்குறதுக்குள்ள வெள்ளச் சேலையெல்லாம் கரி” என்பார் அப்பத்தா. காற்றைக் குறைவாக விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அந்த விஷவாயுவைத்தான் எஞ்சினுக்குள் இழுத்து எரித்தார்கள். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் வண்டி ஓடியது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கழற்றி எறிந்தார்கள். ஆனால் கரிக்காக வெட்டிய மரம் வெட்டியதுதான். எங்கள் ஊர் எல்லையில் முன்பு ஒரு காடு இருந்தது என்றும், பகலிலேயே தனியாகப் போகப் பயமாக இருக்கும் என்றும் அப்பத்தா சொல்வார். நான் பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் பொட்டலும் வேலிக்கருவையும்தான்.

வேலிக்கருவை, அதாவது சீமைக் கருவேலம், இந்தக் கதையில் இன்னொரு அத்தியாயம். மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். விறகும் கிடைத்தது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இன்றும் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகின்றன. ஆனால் கண்மாய் உள்வாயில் அது இறங்கிவிட்டால் அப்புறம் அது கண்மாய் இல்லை. வரத்துக்கால் தூர்ந்து போகும், அடியில் புல் முளைக்காது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அகற்றச் சொல்லும் அளவுக்கு வந்தது. எரிபொருளுக்காக ஊருக்குள் விட்ட ஒரு மரத்தின் முழுக் கணக்கு தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பெட்ரோலுக்கும் இப்படிக் கதைகள் உண்டு. எஞ்சின் தட்டாமல் ஓட 1920களில் ஈயம் கலந்தார்கள். இந்தியாவில் 2000ஆம் வருஷம்தான் நிறுத்தினோம். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். நூறு வருஷம் குழந்தைகள் மூச்சில் ஈயத்தை இழுத்திருக்கிறார்கள். ஈயத்துக்குப் பதிலாக அமெரிக்காவில் எம்.டி.பி.இ. என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். புகை குறைந்தது, காற்று சுத்தமானது. ஆனால் பெட்ரோல் பங்குகளின் நிலத்தடித் தொட்டியிலிருந்து அது கசிந்து மண்ணில் நிற்காமல் தண்ணீரோடு ஓடியது. 1996இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூட வேண்டியதாயிற்று. காற்றைக் காப்பாற்றப் போட்டது கிணற்றைக் கெடுத்தது. சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் என்பதால் இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செட்டிநாட்டில் கூரையில் விழும் மழையை முற்றத்தில் பிடித்து அண்டாவில் நிரப்பிவைத்தார்கள். ஊருக்கு ஊர் செம்புராங்கல் படி கட்டி ஊருணி வெட்டினார்கள், குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். அப்படி ஒரு மண்ணில் எந்த எரிபொருளையும் தண்ணீரை வைத்துத்தான் முதலில் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலுக்கு வருவோம். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025க்கு முன்னால் இழுத்தார்கள், எட்டியும்விட்டார்கள். அன்னியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் சீக்கிரம் வருகிறது. இரண்டும் சின்ன விஷயமில்லை. படமாத்தூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், நிலுவைக்காக அலைந்த வலி எனக்குத் தெரியும்.

ஆனால் தண்ணீர்? நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர். ஸ்கூட்டருக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால், ஒரு முறை டேங்க் நிரப்ப நூற்றுத் தொண்ணூறு குடம். ஊருணிப் படியில் நின்று அத்தனை குடத்தையும் வரிசையாக வைத்ததாக நினைத்துப் பாருங்கள். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுத்தால் கணக்கு இவ்வளவு கடுமையாக இருக்காது, தண்ணீர்ச் செலவில் பெரும்பகுதி சர்க்கரையின் பேரில் போய்விடும். ஆனால் தேவை இந்த அளவுக்கு ஏறியபின் கழிவுப்பாகு மட்டும் எப்படிப் போதும்? கரும்புச் சாறும் போகிறது, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் போகிறது, மக்காச்சோளம் போகிறது. மக்காச்சோளத்தை வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த நாம் 2024இல் வாங்க ஆரம்பித்தோம். கோழித் தீவனம் விலை ஏறியது என்று நாமக்கல்காரர்கள் புலம்பியது அதனால்தான்.

இன்னொரு கணக்கு, எங்கள் பக்கத்தாருக்குச் சட்டென்று புரியக்கூடியது: கடன் கணக்கு. செடி வளரும்போது கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, எரிக்கும்போது அதையே வெளியே விடுகிறது, ஆகவே வரவும் செலவும் சரி என்பதுதான் தாவர எரிபொருளுக்குச் சொல்லப்படும் நியாயம். இருந்த காட்டை அழித்து அந்தச் செடியை நட்டிருந்தால்? 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜோசப் ஃபார்ஜியோனும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்குக் கார்பன் கடன் என்றே பெயர் வைத்து எழுதினார்கள். இந்தோனேசியா, மலேசியாவின் கரிமச் சதுப்புக் காட்டை வெட்டிப் பாமாயில் டீசல் எடுத்தால் அந்தக் கடனை அடைக்க 400 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று போட்டுக் காட்டினார்கள். அதே நேரத்தில் திமோதி சர்ச்சிங்கர் குழு அமெரிக்க மக்காச்சோள எத்தனாலைக் கணக்கெடுத்தது. அங்கே மக்காச்சோளம் எரிபொருளுக்குப் போனால் வேறெங்கோ ஒருவன் காட்டை அழித்து மக்காச்சோளம் போடுவான். அதையும் சேர்த்தால் முப்பது வருஷத்தில் பெட்ரோலைவிடப் புகைக் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றார்கள். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் நடந்தன, இன்னும் நடக்கின்றன. ஆனால் கேள்வி நியாயமானது. அப்பா கடலையை நிறுத்திக் காட்டாமணக்கு நட்டபோது, நாங்கள் விளைவிக்காத கடலை வேறு எவனோ ஒருவன் நிலத்தில் விளைந்துதானே ஆக வேண்டும்?

விளைநிலத்தைத் தொடாத தாவர எரிபொருளும் இருக்கிறது. காரைக்குடியில் பலகாரம் போடும் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின வாரம் பின்கட்டில் நின்று பாருங்கள். முறுக்கும் சீப்புச் சீடையும் தேன்குழலும் எடுத்தபின் சட்டியில் கறுத்துக் கெட்டியாக எண்ணெய் மிஞ்சும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி அந்தப் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கலாம். சாக்கடையில் ஊற்றுவதற்கும், ரோட்டோரக் கடைக்குக் குறைந்த விலைக்கு விற்று மறுபடி வடை சுடுவதற்கும் எத்தனையோ மேல். அளவு கொஞ்சம்தான், நாட்டின் டீசல் தேவைக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனாலும் நான் மனதார ஆதரிக்கும் தாவர எரிபொருள் இது. பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையை 2022இல் திறந்தார்கள், அந்த வழியும் எனக்குச் சரியாகப் படுகிறது.

சி.என்.ஜி. என்கிற அழுத்திய இயற்கை எரிவாயுவில் புகை குறைவு, டீசல் கரி இல்லை. டெல்லி பஸ்களை உச்ச நீதிமன்றம் அதற்கு மாற்றியபோது நல்ல பலன் இருந்தது. ஆனால் அதிலிருந்து எரியாமல் கசிகிற மீத்தேன் இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடேற்றும். குழாயின் ஒவ்வொரு மூட்டும் சரியாக இருந்தால்தான் அது நல்லது. ஹைட்ரஜன் இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது, ஒரு கிலோ எடுக்க ஒன்பது, பத்துக் கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுக்கிற காலம் வரட்டும், அப்போது பேசலாம்.

சரி, பேட்டரி வண்டி. என் வண்டிக்கு நானே போட்ட கணக்கு இது. பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 51 கிராம். பேட்டரி வண்டி நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் கரண்ட் எடுக்கிறது. நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி என்பதால் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 25 கிராமுக்குள். பாதிதான். ஆனால் மூன்று யூனிட் பேட்டரியைச் செய்யும்போதே ஏறக்குறைய 240 கிலோ போயிருக்கும், அதுதான் முன்கடன். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சொச்சம் ஓடினால் அடைந்துவிடும். வேலைக்குப் போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிற எனக்கு ஒரு வருஷத்தில் அடைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் மிச்சம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை என்று மின்சாரம் மாற மாற, வண்டியை மாற்றாமலே இந்தக் கணக்கு இன்னும் நல்லதாகும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. இதனால்தான் நான் பேட்டரி வண்டிப் பக்கம் நிற்கிறேன்.

பக்கம் நிற்கிறேன் என்பதால்தான் மீதியையும் சொல்ல வேண்டும். லித்தியத்தில் ஒரு பகுதி சிலியின் அட்டகாமாப் பாலையில், பூமிக்கடியிலுள்ள உப்புநீரை உறிஞ்சிப் பெரிய பாத்திகளில் வெயிலில் காயவைத்து எடுக்கப்படுகிறது. நம் கடற்கரை உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே வற்றுவது கடலல்ல, மழையே காணாத பூமியின் அடித்தண்ணீர். கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் கோபால்ட்டே கிடையாது, அந்த வகை பரவுவது நல்ல செய்தி.

இதற்கெல்லாம் பதில் தேடுகிற இடம் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் சொல்லும் சிக்ரி. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். உள்நாட்டிலேயே லித்தியம் அயனி செல் செய்யும் முறையை 2018இல் அங்கிருந்துதான் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்றினார்கள். அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

அதே ஊரில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். 2011 வாக்கில் என் சித்தப்பா ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். அப்போது வந்தவை ஈய பேட்டரி, நாலு டப்பா சீட்டுக்கடியில் இருக்கும். இரண்டு வருஷத்தில் செத்துப்போயின. காயலான் கடையில் போடலாம் என்று நானும் அவரும் போனோம். கடைக்குப் பின்னால், ஊருணிக்குப் போகும் வரத்துக்காலை ஒட்டி, ஒருவர் வெறுங்கையோடு குந்தியிருந்தார். பக்கத்தில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார், ஆசிட் மண்ணில் இறங்கிச் சுர்ரென்று நுரைத்தது. எங்களுடைய டப்பாக்களில் ஊற்றுவதற்கு அதிகம் இல்லை. கோடரியின் பின்பக்கத்தால் மூடியை உடைத்து, உள்ளே ஆசிட்டில் ஊறிய வெள்ளைப் பஞ்சு விரிப்புகளை உருவிக் காலில் தள்ளிவிட்டு, கறுத்த ஈயத் தகடுகளை மட்டும் சாக்கில் போட்டார். அவர் விரல் நுனிகள் தோல் உரிந்து வெளுத்திருந்தன. “கழுவிட்டுச் சாப்பிடுங்கண்ணே” என்று சித்தப்பா சொன்னார். “பழகிருச்சுய்யா” என்றார் அவர்.

அந்த இடத்தில் இன்றும் புல் இல்லை. ஒரு கட்டில் அகலம் இருக்கும். சுற்றிலும் கோரையும் நெருஞ்சியும் மண்டிக் கிடக்கின்றன, அது மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

2022இல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. விற்ற நிறுவனமே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யப் பொறுப்பு. 2026-27இலிருந்து மின்வண்டி பேட்டரியில் உள்ள பொருள்களில் 90 சதவீதத்தை மீட்டாக வேண்டும். விதி நன்றாக இருக்கிறது. ஆனால் விதி டெல்லியில் இருக்கிறது, பேட்டரி கல்லலில் சாகிறது. இடையில் யார் வந்து எடுப்பார், எடுப்பவர் காயலான் கடைக்காரரைவிட நூறு ரூபாய் கூடக் கொடுப்பாரா? எல்லாம் இதில்தான் இருக்கிறது. கொடுத்தால் ஒரு பேட்டரிகூட வரத்துக்கால் பக்கம் போகாது. அந்தக் கோடரிக்காரருக்கே கையுறையும் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பேட்டரியைப் பிரிப்பதில் அவருக்கு இருக்கும் கைத்தேர்ச்சி வேறு யாருக்கு வரும்?

போன மாதம் சர்வீஸுக்குப் போனபோது ஷோரூமில் இதைக் கேட்டேன். இப்போது வேறு பையன். “கம்பெனியே எடுத்துக்கும் சார்” என்றான். எழுதிக் கொடுங்கள் என்றேன். தயங்கினான், உள்ளே போய் மேனேஜரைக் கேட்டான், பிறகு கம்பெனி தாளில் நாலு வரி எழுதி சீல் வைத்துக் கொடுத்தான். ஆயுள் முடிந்த பேட்டரியை நாங்களே பெற்று அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்புவோம் என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். தகரப் பெட்டியைத் திறந்து, காட்டாமணக்குக்காரர்கள் கொடுத்த அந்தப் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டுலயும் தேதி போடலையேப்பா” என்றார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஷோரூமில் நிறுத்தி, தேதியும் வண்டி நம்பரும் போட்டு வாங்கிக்கொண்டேன்.